திரையில் முதலிடம், நோட்டில் பூஜ்யம்

காரைக்குடி வட்டாரத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் இணைய விளையாட்டுகளைக் கொண்டுவரும் இளம் ஆசிரியர்கள் இப்போது நிறையப் பேர். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியில் திறன்மிகு வகுப்பறைத் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் தடுக்கி விழும் இடங்களைப் பார்த்தால், எங்கள் தலைமுறை கம்ப்யூட்டர் அறையில் தடுக்கி விழுந்த அதே இடங்கள். ஒரு படிக்கட்டுகூட மாறவில்லை.

போனுக்குச் சார்ஜ் போடாமல் வருவது, தான் ஒருமுறையாவது விளையாடிப் பார்க்காமல் வகுப்பில் திறப்பது, பெருக்கல் நடுவே நகைக்கடை விளம்பரம் வந்து நிற்பது ஆகியவற்றை நான் எழுதப் போவதில்லை. முதல் வாரத்திலேயே பிள்ளைகள் அவற்றை ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் தவறுகள் வேறு.

விளையாட்டைப் பிடித்துவிட்டுப் பாடத்தைத் தேடுவது

"அக்கா, நல்ல கணக்கு விளையாட்டு ஒன்று சொல்லுங்கள்" என்று போன் வரும். எந்தக் கணக்குக்கு என்று கேட்பேன். "நான்காம் வகுப்புக்கு" என்பார்கள். நான்காம் வகுப்பில் எந்த இடம் என்று கேட்டால் எதிர்முனை அமைதியாகிவிடும்.

விளையாட்டைத் தேடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைக்கு எது வரவில்லை என்பதைச் சொல்லும் வரி. "கழித்தல் வரவில்லை" என்று எழுதினால் போதாது. "நூறிடத்தில் கடன் வாங்கிய பிறகு நூறைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள், பத்திடத்தில் பூஜ்யம் இருந்தால் திகைத்து நிற்கிறார்கள்" என்று எழுத வேண்டும். இந்த வரி கையில் இருந்தால், இணையத்தில் கிடைக்கும் கழித்தல் விளையாட்டுகளில் பெரும்பாலானவை உங்களுக்குத் தேவையில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் சிலவற்றில் தேடலாம்.

இன்னொன்று. 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பயிற்சி நூலில் கவனமாகப் பிரிக்கும் அதே ஆசிரியர், திரையைப் போட்டதும் வகுப்பு முழுவதற்கும் ஒரே விளையாட்டை, ஒரே நிலையில் ஓட்டுகிறார். அரும்பில் இருக்கும் பிள்ளை திரையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவன் விரலைப் பார்க்கிறது.

கணக்கைப் போடுவது யார்?

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்னும் மரப்பலகையோ பித்தளைப் பலகையோ ஒன்று எங்காவது கிடக்கும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வைத்தால் எழுபது காய். ஆச்சிமார் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழியில் எத்தனை இருக்கிறது என்று பார்வையாலேயே எடைபோட்டு, எங்கே போய் முடியும், அடுத்த குழி வெறுங்குழியாக இருக்குமா, அதற்கடுத்ததில் எத்தனை அள்ளலாம் என்று முன்கூட்டியே மனத்தில் ஓட்டிவிட்டுத்தான் கையை வைப்பார்கள். கூட்டல், எண்ணுதல், முன்கணிப்பு எல்லாம் அந்த ஓட்டத்துக்குள் இருக்கின்றன.

இதையே போன் செயலியில் பாருங்கள். பிள்ளை ஒரு குழியைத் தொடுகிறது. காய்கள் தாமாகவே பறந்து போய் ஒவ்வொரு குழியிலும் விழுகின்றன. குழிக்கு மேலே எண்ணிக்கையும் எழுதியிருக்கிறது. வெறுங்குழி வந்ததும் காய்கள் தாமாகவே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. எண்ணியதும் பங்கிட்டதும் கூட்டியதும் செயலி. பிள்ளையின் பங்கு ஒரு தொடுதல். "பாரம்பரிய விளையாட்டு, கணித அறிவு வளரும்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். வளர்வது செயலிக்குத்தான்.

எந்த விளையாட்டையும் எடுத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் சொல்லிக்கொடுக்க நினைக்கும் அந்த ஒரு வேலையை இதில் செய்வது பிள்ளையா, நிரலா? பரப்பளவு பாடத்துக்கு வந்த விளையாட்டில், கட்டத்தை இழுத்துவிட்டால் பரப்பளவு எண் மூலையில் தானாக வந்து நின்றால், அந்த எண்ணை ஒரு காகிதம் ஒட்டி மறையுங்கள். மானிட்டரில் காகிதம் ஒட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் கட்டங்களை எண்ணத் தொடங்கினார்கள்.

கடிகாரத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவை எல்லாம் வழியில் வந்தவை.

வினாடி வினா வகை விளையாட்டுகள்தாம் நம் வகுப்புகளுக்குள் முதலில் நுழைகின்றன. காரணம் புரிகிறது. செய்வது சுலபம், கேள்விகளை ஆசிரியரே போடலாம், பாட்டும் வண்ணமுமாக வகுப்பே எழுந்து நிற்கும். அதில் பெரும்புள்ளி கஹூட். பெரிய திரையில் கேள்வி வரும். பிள்ளைகள் கையிலிருக்கும் போனில் சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று பொத்தான்கள் வரும். சரியானதைத் தொட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் முதல் ஐந்து பேரின் பெயர் திரையில் வரும். கடைசியில் முதல் மூன்று பேர் திரையில் வரும் மேடையில் ஏறுவார்கள்.

மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். "சரியான விடைக்கு ஆயிரம்" என்பார்கள். இல்லை. அரை வினாடிக்குள் சரியாகத் தொட்டால்தான் ஆயிரம். அதற்குப் பிறகு நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, கடைசி நொடியில் தொட்டால் ஐந்நூறு. கொடுத்த நேரத்தில் எத்தனை பங்கைச் செலவழித்தீர்களோ அதில் பாதிப் பங்கு மதிப்பெண் போய்விடும். அவ்வளவுதான் சூத்திரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம்.

நாம் போட்டுப் பார்ப்போம். கேள்விக்கு 20 வினாடி. இரண்டாவது வினாடியில் சரியாகத் தொட்டவனுக்கு 950. நோட்டில் எழுதி, சரிபார்த்து, பதினெட்டாவது வினாடியில் சரியாகத் தொட்டவளுக்கு 550. இருவருக்கும் கணக்குத் தெரியும். இடைவெளி 400.

இது பரவாயில்லை என்பீர்கள். அடுத்ததைப் பாருங்கள். சரியா தவறா என்று கேட்கும் கேள்விகள். ஒருவன் கேள்வியைப் படிக்கவே இல்லை. முதல் வினாடியிலேயே ஏதாவது ஒன்றைத் தொட்டுவிடுகிறான். சரியாக அமைந்தால் 975. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதி சரியாக அமையும். அப்படியானால் கேள்விக்குச் சராசரியாக 487. ஒவ்வொரு கேள்வியையும் படித்து, யோசித்து, பதினெட்டாவது வினாடியில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவளுக்குக் கேள்விக்கு 550. ஒன்றுமே தெரியாதவனுக்கும் எல்லாம் தெரிந்தவளுக்கும் உள்ள வித்தியாசம் அறுபத்துச் சொச்சம். அவனுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் அடித்தால் மேடையில் ஏறிவிடுவான். இதைத்தான் நாம் கணிதப் போட்டி என்று சொல்லிப் புகைப்படம் எடுக்கிறோம்.

இன்னும் ஒன்று. அந்த விளையாட்டின் வழக்கமான முறையில் கேள்வி பெரிய திரையில் மட்டும்தான் வரும். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை எட்டிப் பார்த்துப் படித்து முடிப்பதற்குள் முதல் வரிசை தொட்டு முடித்திருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கேள்வி புரிவதற்குள் மணி அடித்துவிடும். சிக்னல் சரியில்லாத போன் கிடைத்த பிள்ளைக்குப் பொத்தானே தாமதமாகத்தான் தெரியும். இத்தனையும் சேர்ந்து வரும் எண்ணை "கணக்கு மதிப்பெண்" என்று நோட்டில் ஏற்றுகிறார்கள்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. அவளுடைய அப்பத்தா வாரச் சந்தையில் காய்கறிக் கடை போடுபவர். லீவு நாளில் இவளும் கூடப் போய் உட்கார்ந்து சில்லறை கொடுப்பாள். அவளிடம் 402இல் 178 போனால் என்று கேட்டபோது, கடன் வாங்குவது, அடிப்பது, மேலே குட்டியாக எழுதுவது எதுவும் இல்லை. கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பி, "நூற்று எழுபத்தெட்டோடு இரண்டு சேர்த்தால் நூற்றெண்பது. இருபது சேர்த்தால் இருநூறு. இருநூறு சேர்த்தால் நானூறு. அப்புறம் இரண்டு. இருநூற்று இருபத்துநான்கு" என்றாள். பத்திடத்துப் பூஜ்யத்தில் மொத்த வகுப்பும் வழுக்கிக்கொண்டிருந்த வாரம் அது. இவள் மட்டும் வழுக்கவில்லை, ஏனென்றால் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சந்தையில் சில்லறை எண்ணிக்கொடுப்பவர்களின் முறை அது. அந்த வகுப்பில் நான் பார்த்த மிகத் தெளிவான கணித மூளை அவளுடையது. அதற்குச் சுமார் பதினைந்து வினாடி வேண்டும்.

அந்த வகுப்பு ஆசிரியை நல்லவர், உழைப்பாளி. வெள்ளிக்கிழமைதோறும் போட்டி வைத்தார். முதல் மூன்று பேருக்குப் பென்சில் பெட்டி. மேடைப் படத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தச் சிறுமியின் பெயர் திரையில் வரவே இல்லை. வராது, கணக்கைத்தான் மேலே பார்த்தோமே. சில வாரம் கழித்து நான் மறுபடி போனபோது அவள் கேள்வி வந்ததும் விரலை வைத்துவிட்டாள். தவறு. அடுத்ததும் தவறு. பக்கத்தில் உட்கார்ந்து, ஏனம்மா இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"யோசித்தால் நேரம் போய்விடும் டீச்சர்."

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். விளையாட்டு அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டது. யோசிப்பது நஷ்டம் என்பதை. மாதக்கணக்கில் வகுப்பில் நின்று கத்தி நாம் ஏற்ற முயலும் பழக்கத்தை, வாரம் பத்து நிமிடத்தில் அழித்துவிட்டது. ஆசிரியையிடம் சொன்னேன். "பிள்ளைகள் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறார்கள் பாருங்கள் அக்கா" என்றார். உற்சாகமாக இருந்தது உண்மை. முன் வரிசையில் இருந்த ஆறேழு பேர்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே விளையாட்டு ஆட்டம் முடிந்ததும் ஆசிரியருக்கு ஓர் அறிக்கையும் கொடுக்கிறது. எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள், எந்தத் தவறான விடையை அதிகம் பேர் தொட்டார்கள் என்று கேள்விவாரியாக. அதுதான் தங்கம். 402 − 178க்கு 376 என்று வகுப்பில் பாதிப் பேர் தொட்டிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள், எது மேலே எது கீழே என்று பார்ப்பதில்லை என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். திங்கட்கிழமை பாடம் அதுதான். நான் கேட்டுப் பார்த்த ஆசிரியர்களில் பலர் அந்த அறிக்கையைத் திறந்ததே இல்லை. மேடைப் படம் மட்டும் எல்லோர் போனிலும் இருந்தது.

என்ன செய்யலாம்? வினாடி வினாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கேள்விக்கான நேரத்தை 20இலிருந்து 120 ஆக்குங்கள், 240 வரை வைக்கலாம். மதிப்பெண் இல்லாத கேள்வியாகவும் வைக்கலாம், அந்த வசதி இருக்கிறது. க்விசிஸ் என்று இருந்து 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிய வினாடி வினாச் செயலியில் பிள்ளை தன் திரையிலேயே கேள்வியைப் படித்துத் தன் வேகத்தில் போகலாம். கடிகாரத்தை அணைத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது ப்ளிக்கர்ஸ். பிள்ளைகள் கையில் போனே வேண்டாம், அச்சடித்த அட்டை ஒன்று போதும். அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விடை. ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையின் அட்டைக் கோலமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துப் பயனில்லை. எல்லோரும் தூக்கும் வரை காத்திருக்கலாம். யாரும் முந்துவதில்லை.

எந்தச் செயலியானாலும் ஒரு விதி: நோட்டில் போடாமல் திரையைத் தொடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் நோட்டைப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள்.

வேகமே கூடாதா? கூடும். ஏழாம் வாய்ப்பாடு ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, அதைச் சட்டென்று சொல்லப் பழக வேண்டியதுதான். அப்போது கடிகாரம் உதவும். ஆனால் போட்டி அந்தப் பிள்ளைக்கும் அதே பிள்ளையின் சென்ற வார நேரத்துக்கும் இடையே இருக்கட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம்.

பரிசு

கொடுக்காதீர்கள்.

பிள்ளை கண்டுபிடித்த விதி வேறு

பின்னங்களில் எது பெரியது என்று கேட்கும் ஒரு விளையாட்டில் ஒரு பையன் தொடர்ந்து சரியாகத் தொட்டுக்கொண்டே போனான். ஆசிரியருக்குப் பெருமை. எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். "கீழே சின்ன எண் இருப்பதைத் தொட வேண்டும்" என்றான். அவன் சொன்னது அந்த விளையாட்டைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நிலையில் வந்ததெல்லாம் 1/2, 1/5, 1/3, 1/8 என்று மேலே ஒன்று உள்ள பின்னங்கள். 3/8, 1/3 இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். தயங்காமல் 1/3 என்றான். இருபத்துநான்கில் பங்குபோட்டால் 3/8 என்பது 9 பங்கு, 1/3 என்பது 8 பங்கு. 2/3, 3/4 எழுதினேன். 2/3 என்றான்.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளையாட்டை ஜெயிக்க எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவைத்தான் எந்தப் பிள்ளையும் கற்கும். புத்திசாலிப் பிள்ளை அதைவிடக் குறைவாகவே கற்கும். எனவே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடம் தெரியாமலேயே இதை ஜெயிக்க வழியிருக்கிறதா என்று நீங்கள் ஒரு குறும்புக்காரப் பையனாக மாறி ஆடிப் பாருங்கள். வழி இருந்தால், அந்த வழி உடையும் ஒரு கணக்கைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பார்க்காததைத் திரையில் காட்டுவது

அறிவியலில் அதிகம் நடப்பது இது. மிதக்கும், மூழ்கும் விளையாட்டு. படங்களை இழுத்துத் தொட்டியில் போட வேண்டும். மரம் மிதக்கும், இரும்பு மூழ்கும், தக்கை மிதக்கும், கல் மூழ்கும். எல்லோருக்கும் நட்சத்திரம். ஏன் மூழ்கியது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில்: "கனமாக இருப்பது மூழ்கும்."

அப்படியானால் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், நிற்கும் தேக்குத் தூணைத் தண்ணீரில் போட்டால்? நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதே, மூழ்கிவிடும் என்றார்கள். ஒரு குண்டூசி? லேசானது, மிதக்கும்.

செட்டிநாட்டில் இந்தப் பாடத்துக்குத் திரையே தேவையில்லை என்பேன். அந்தத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அங்கே தேக்கைக் காட்டிலிருந்து ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால் மரம் நிற்கும்போதே அடியில் பட்டையைச் சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடியே காயவிட்டு, ஈரம் வற்றிய பிறகு வெட்டி ஆற்றில் இறக்குவார்கள். காய்ந்த தேக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.65 கிராம். தண்ணீர் 1 கிராம். அதே மரம், ஈரத்தோடு மூழ்கும், காய்ந்தால் மிதக்கும். "மரம் மிதக்கும்" என்று நட்சத்திரம் கொடுக்கும் விளையாட்டுக்கு இது தெரியாது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு தேக்குத் துண்டு, ஒரு ஆணி, ஒரு எலுமிச்சை, அதே எலுமிச்சை தோலுரித்தது. இவற்றைப் போட்டுப் பார்த்துச் சண்டை போட்ட பிறகு விளையாட்டைத் திறந்தால், பிள்ளைகளே விளையாட்டில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

மின்சுற்றும் அப்படித்தான். ஃபெட் என்ற பெயரில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் உருவகங்கள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் நிரல்கள், நம்மில் பலருக்குத் தெரியும். 2001இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம். நான் மதிக்கும் வேலை. பெரும்பாலானவற்றில் மதிப்பெண்ணே கிடையாது. சும்மா நோண்டிப் பார்க்கலாம், அதுதான் அதன் அழகு. அதன் மின்சுற்றுப் பெட்டியில் கம்பியை ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும், குறுக்குச்சுற்றானால் மின்கலத்தில் தீ காட்டும். ஆனால் வேலை அங்கேயே முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஓர் ஆறாம் வகுப்பில் பார்த்தேன். நிஜ மின்கலத்தைக் கொடுத்ததும் பிள்ளைகள் கம்பியின் பிளாஸ்டிக் உறையைச் சீவாமலேயே வைத்து அழுத்தினார்கள். விளக்கு எரியவில்லை. "பல்பு கெட்டுப்போனது" என்று முடிவுகட்டிவிட்டார்கள். திரையில் உறையும் இல்லை, துருவும் இல்லை, தீர்ந்துபோன பேட்டரியும் இல்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (செக்ரி) 1953 முதல் இயங்கும் ஊர் இது. செக்ரி மதில் ஓரமாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை மின்கலத்தைத் திரையில் மட்டும் பார்த்து வளர்வதா?

வரிசை இதுதான்: முதலில் கை, பிறகு திரை, மறுபடி கை. கையால் செய்ய முடியாததற்கு மட்டும் திரையை முதலில் வைக்கலாம். பனிக்கட்டிக்குள் துகள்கள் எப்படி அதிர்கின்றன என்பதை எந்த வாளியிலும் காட்ட முடியாது. அதற்குத் திரைதான்.

பரப்பளவுக்கும் இதே. கட்டம் நிரப்பும் விளையாட்டைத் திறப்பதற்கு முன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஒன்றில் பிள்ளைகளை மண்டியிட்டு உட்காரவையுங்கள். எட்டு அங்குலக் கல். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு ஒரு பக்கம் 15, மறுபக்கம் 18, மொத்தம் 270 கல். ஒரு பையன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவான். விடுங்கள். பாதியில் அவனே நிறுத்திவிட்டு வரிசையை எண்ணத் தொடங்குவான்.

ஆங்கிலத்தில் கேட்கப்படும் கணக்கு

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, கேள்வி புரியவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கில விளையாட்டைக் கொடுத்தால் அது கேள்வியைப் படிக்காது, நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துத் தொடும். ஃபெட் உருவகங்களில் சிலவற்றுக்குத் தமிழாக்கம் உண்டு. தேடி எடுங்கள். இல்லாததற்குக் கேள்வியை நீங்களே வாய்விட்டுத் தமிழில் படியுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒரு போன், ஐந்து பிள்ளைகள்

நம் பள்ளிகளில் ஆளுக்கொரு கருவி கிடையாது, இப்போதைக்குக் கிடைக்கவும் போவதில்லை. அதனால் குழு. குழு என்றால் கைவலிமை உள்ளவன் போனை வைத்திருப்பான், மற்ற நால்வர் அவன் தோள் மேல் எட்டிப் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த நால்வரில்தான் இருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்.

சொல்பவர் ஒருவர், தொடுபவர் வேறொருவர் என்று வையுங்கள். தொடுபவர் தன் இஷ்டத்துக்குத் தொடக் கூடாது. சொல்பவர் காரணத்தோடு சொல்ல வேண்டும். மூன்றாவது பிள்ளை நோட்டில் எழுதும். நான்காவதும் ஐந்தாவதும் மறுத்துப் பேசும், அதுதான் அவற்றின் வேலை. இரண்டு கேள்விக்கு ஒருமுறை மாற்றுங்கள். சத்தம் கூடும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

நெட்டை நம்புவது

நம்பாதீர்கள். ஃபெட் உருவகங்களை முன்கூட்டியே இறக்கிவைத்தால் நெட் இல்லாமலே ஓடும். ஜிகாம்ப்ரிஸ் என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. இலவசம், விளம்பரம் இல்லை, ஒருமுறை நிறுவினால் போதும். பழைய பயிற்சிக் கையேடுகளில் இருக்கும் விளையாட்டு முகவரிகளை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். அவற்றில் பல ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்யப்பட்டவை. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது.

பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி

விளையாட்டுக் கணக்கு தொடங்கக் கேட்கும். கொடுக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வகுப்பு வருகைப் பதிவேட்டு எண்ணோ ஒரு பூவின் பெயரோ போதும். மல்லிகை, செம்பருத்தி, ஆவாரை என்று வைத்த வகுப்பில், யார் எந்தப் பூ என்பதை ஆசிரியர் மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார். தோற்றது எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாகக் கிடைத்த லாபம்.

ஒலி

அணைத்துவிடுங்கள்.

மணி அடிக்கும்வரை விளையாடுவது

நாற்பது நிமிட வகுப்பில் விளையாட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதையும் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் பிள்ளைகள் போனைக் கீழே வைக்கும்போதே மணி அடித்துவிடும். ஆடியதற்கும் பாடத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். திரையை அணைத்த பிறகு பத்து நிமிடமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதில் மூன்று கேள்வி போதும். எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள், ஏன்? விளையாட்டில் இல்லாத ஒரு கணக்கு, அதே முறையில் வருமா? உங்கள் தங்கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் போன் இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். கல், புளியங்கொட்டை, சாக்பீஸ் துண்டு என்று எதையாவது எடுத்துக்கொண்டு முன்னால் வருவார்கள். மேசையைக் காலியாக வைத்திருங்கள்.